ஆறு அழகு எண்டு ஆர் சொன்னது?

மூன்றாம் வருடத்தில் எங்களுக்கு ஒரு குழு வேலை தந்தார்கள். தலைப்பு: நவீன இந்தியக் கவிதையில் இயற்கையும் நகரமும். ஐந்து பேர், இரண்டு கிழமை, இருபது நிமிட பிரசன்டேஷன். அன்றைக்கே கன்டீனில் இருந்து வேலையைப் பிரித்தோம். ஒரு கொப்பித் தாளின் நடுவில் கோடு கீறி, ஒரு பக்கம் ‘இயற்கை’, மற்றப் பக்கம் ‘நகரம்’ என்று எழுதினோம். கீழே கொஞ்ச இடம் மிஞ்சியது. அதில் ‘சமூக ஏற்றத்தாழ்வு (நேரம் இருந்தால்)’ என்று போட்டோம்.

இயற்கையை யாரிடம் கொடுப்பது என்று யோசிக்கவே இல்லை. எங்களில் ஒருத்தி மலையகத்துத் தோட்டம் ஒன்றில் இருந்து வந்தவள். “நீதானே அந்த அழகுக்குள்ள வளர்ந்தனீ, நீயே செய்” என்றோம். அவள் சிரித்தாள் என்றுதான் எங்களுக்கு ஞாபகம். அவளைக் கேட்டால், தான் சிரிக்கவே இல்லை என்கிறாள்.

இது அந்த பிரசன்டேஷன் இல்லை. அந்தக் கொப்பித் தாள் எப்படி எங்களுக்கு உதவாமல் போனது என்ற கதை.

முதலில் எடுத்தது ஏ.கே. ராமானுஜனை. சங்கக் கவிதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் என்ற அளவில் எங்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். அவரும் ஒரு கவிஞர், ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் எழுதியவர் என்பது இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. 1966இல் வந்த ‘த ஸ்ட்ரைடர்ஸ்’ தொகுப்பில் ‘எ ரிவர்’ என்று ஒரு கவிதை இருக்கிறது. ஊர் மதுரை, ஆறு வைகை. தலைப்பைக் கண்ட சந்தோஷத்தில் வாசிக்க முதலே அதை ‘இயற்கை’ப் பக்கத்தில் எழுதிவிட்டோம்.

வைகை எங்களுக்குப் புதிதா என்ன? இரண்டாம் வருடத்தில் பரிபாடல் படித்தோம். வையையில் புதுப்புனல் வருகிறது, சனம் திரண்டு போய் நீராடுகிறது, பூவும் சாந்தும் ஆற்றோடு போகின்றன. சோதினையில் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாய் எழுதி நல்ல புள்ளியும் வாங்கினோம். வெள்ளம் என்றால் கொண்டாட்டம். அந்த வெள்ளத்தில் யாராவது செத்தார்களா என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ராமானுஜன் அந்த இடத்தில்தான் கை வைக்கிறார். கோடையில் வைகை வற்றி மணல் தெரிகிறது. மதகுக் கம்பிகளில் வைக்கோலும் பெண்களின் தலைமயிரும் சிக்கிக் கிடக்கின்றன. அந்த ஆற்றைப் பாட ஆளில்லை, கவிஞர்கள் எல்லாரும் வெள்ளத்தைத்தான் பாடினார்கள். அதையாவது முழுசாகப் பார்த்தார்களா என்றால் அதுவும் இல்லை. எத்தனை படிக்கட்டு மூழ்கினது என்று ஊர் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க, வெள்ளம் மூன்று வீடுகளையும் ஒரு கர்ப்பிணிப் பெண்ணையும் இரண்டு பசுக்களையும் கொண்டுபோகிறது. பழைய கவிஞரும் அவளைப் பற்றி மூச்சு விடவில்லை. பழையவரைப் பார்த்து எழுதின புதிய கவிஞரும் விடவில்லை.

வாசித்து முடிய மலையகத் தோழி கேட்டாள்: “மாட்டுக்குப் பேரு இருக்கு. அந்தப் பொம்பளைக்குப் பேரு இல்ல. பாத்தீங்களா?”

திரும்பப் புரட்டினோம். பசுக்களின் பெயர் கோபி, பிருந்தா. கர்ப்பிணிக்குப் பெயரே இல்லை. ஊர்ச் சனத்தின் கதையிலும் அவள் ‘ஒரு பெண்’ மட்டும்தான். ராமானுஜன் அதைத் தெரிந்துகொண்டுதான் அப்படி விட்டிருக்கிறார் என்று எங்களுக்குப் பட்டது.

“மழ காலத்துல எங்க பக்கம் மண்ணு சரியும். டீவியில எத்தன பேருன்னு சொல்லுவாங்க. பேரு சொல்ல மாட்டாங்க,” என்றாள் அவள். கொஞ்சம் விட்டு, “மழ பெஞ்சா எங்கம்மா செருப்பக் கதவுகிட்ட வெச்சுட்டுத்தான் படுப்பாங்க. ஓடணும்னா தேடக் கூடாதுல்ல.”

மூன்று வருடம் ஒரே பட்ச். ஒரு நாளும் இதை அவள் சொன்னதில்லை. நாங்கள் அவளிடம் கேட்டதெல்லாம் “லீவுக்கு உங்கட ஊருக்கு வந்தா எங்கயெல்லாம் பாக்கலாம்?” என்பதுதான்.

அடுத்தது கீவ் பட்டேல். மும்பையில் வைத்தியராக இருந்தவர், ஓவியமும் வரைந்தவர், 2023இல் காலமானார். ‘ஒன் கில்லிங் எ ட்ரீ’ என்ற அவருடைய கவிதை இந்தியாவில் பாடப்புத்தகத்துக்கே போன ஒன்று. ஒரு மரத்தை எப்படிச் சாகடிப்பது என்று சமையல் குறிப்பு மாதிரி ஒவ்வொரு படியாகச் சொல்லும். கத்தியால் ஒரு வெட்டு வெட்டினால் மரம் சாகாது, வேரைப் பிடுங்கி வெயிலில் காயவிட வேண்டும். சுற்றாடல் தினத்துக்கென்றே எழுதினது போல இருக்கிறது என்று அதையும் ‘இயற்கை’யில் போட்டோம்.

அதே பட்டேல் ‘சேர்வன்ட்ஸ்’ என்று இன்னொரு கவிதையும் எழுதியிருக்கிறார். இரவுச் சாப்பாடு முடிந்து, விளக்கெல்லாம் அணைத்தபிறகு வேலைக்காரர்கள் இருட்டில் இருக்கிறார்கள். பேச்சில்லை. புகைக்கிற நெருப்புப் புள்ளி மட்டும் தெரிகிறது. ஊரில் இருந்த நிலம் போதாமல் நகரத்துக்கு வந்த ஆட்கள் அவர்கள். அவர்கள் இருக்கிற இருப்பைப் பார்த்து, மிருகங்கள் போல என்கிறார் கவிஞர். தப்பாக எடுக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டு, தொழுவத்தில் இளைப்பாறும் மாடுகளின் கண்ணைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார்.

இந்த இடத்தில் கன்டீனில் சண்டை வந்தது. “மனிசரை மாடு எண்டு சொல்லிப்போட்டு, தப்பா எடுக்காதேங்கோ எண்டா சரியே?” என்று எங்களில் ஒருவன் கத்தினான். “அவர் வீட்டுக்காரர் இருக்கிற இடத்தில இருந்து பாக்கிறார். அங்க இருந்து பாத்தா அப்பிடித்தான் தெரியும். அதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்,” என்றாள் இன்னொருத்தி. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மணித்தியாலம் போயும் முடிவு வரவில்லை. இன்றைக்கும் அந்தக் கவிதையில் எங்களுக்குள் ஒற்றுமை இல்லை.

ஆனால் அன்றைக்குத்தான் எங்கள் தாளில் முதல் பிரச்சினை வந்தது. இந்தக் கவிதையை எந்தப் பக்கத்தில் எழுதுவது? நிலம் போதாமல் வந்தவர்கள் என்றபடியால் இயற்கைக்குள் கொஞ்சம் வருகிறது. நடக்கிற இடம் நகரம். வீட்டுக்காரரும் வேலைக்காரரும் என்று பார்த்தால் கீழே அடைப்புக்குறிக்குள் கிடக்கிற ‘நேரம் இருந்தால்’. கடைசியில் நடுக்கோட்டுக்கு மேலேயே எழுதினோம்.

நகரம் என்றால் அருண் கொலாட்கரை விட்டுவிட்டுப் போக முடியாது. மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர், விளம்பரத்துறையில் வேலை செய்தவர். தென் மும்பையில் காலா கோடா என்று ஓர் இடம் இருக்கிறது. ‘கறுப்புக் குதிரை’ என்று அர்த்தம். குதிரையில் இருந்த ஆங்கில அரசரின் சிலையை 1965இல் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள், பெயர் மட்டும் நின்றுவிட்டது. அங்கே வேய்சைட் இன் என்ற சாப்பாட்டுக்கடையில் வருடக்கணக்காய் இருந்து, ஜன்னலால் தெருவைப் பார்த்து அவர் எழுதியதுதான் ‘காலா கோடா போயம்ஸ்’. 2004இல் புத்தகம் வந்தது, அதே வருடம் அவரும் காலமானார்.

அந்தப் புத்தகத்தில் இருப்பது நடைபாதையில் வாழ்கிறவர்கள், இட்லி விற்க வருகிற பெண், பேன் பார்க்கிறவர்கள், தெருப் பிள்ளைகளைப் பிடித்து வைத்துக் குளிப்பாட்டுகிற ஒருத்தி, காகம், பழைய சைக்கிள் டயர். நடுவீதித் திட்டில் ஒரு தெருநாய் படுத்திருக்கிறது. அதன் உடம்பில் இருக்கிற கறுப்புத் திட்டுகள், ஏழு தீவுகளாய் இருந்த பழைய மும்பையின் வரைபடம் போல இருக்கிறதாம். மும்பையின் கதையும் அதுதானே. கடலை நிரப்பி ஏழு தீவுகளை ஒட்டிச் செய்த நகரம் அது. அந்த நாயையும் எங்களால் ஒரு பக்கத்தில் எழுத முடியவில்லை.

இன்னொரு கவிதை குப்பை அள்ளும் பெண்ணைப் பற்றியது. குப்பை வண்டிக்குள் ஏறி நின்று, இன்னும் கொஞ்சம் கொள்ளட்டும் என்று காலால் மிதித்து அமத்துகிறாள். கவிஞருக்கு அவள் கண்ணன் முன்னால் ஆடிய மீராவாகத் தெரிகிறாள். கவிதையின் தலைப்பும் ‘மீரா’தான்.

இதை வாசித்த கிழமையில்தான் எங்கள் கட்டடத்துக்கு முன்னால் நிற்கிற கொன்றை பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. காலையில் போனால் நிலம் தெரியாது, மஞ்சள் பாய் விரித்த மாதிரி இருக்கும். நாங்கள் எல்லாரும் அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறோம். எங்களில் ஒருத்தி அதற்குக் கீழே முல்லைத்திணை என்றுகூட எழுதியிருந்தாள். பிரசன்டேஷன் பழகுவதற்காக ஒரு நாள் ஏழு மணிக்கே போனோம். கூட்டுகிற அக்கா விளக்குமாற்றோடு நின்றா. “மழை பெய்தா ஒட்டிப்போகும், பிள்ளையள். ஒவ்வொண்டாச் சுரண்டி எடுக்கோணும். எட்டு மணிக்கு முதல் முடிக்காட்டி எனக்குத்தான் பேச்சு,” என்றா.

மூன்று வருடமாய் நாங்கள் படம் எடுத்த பூவை மூன்று வருடமாய் அவா கூட்டியிருக்கிறா. அவாவின் பெயர் எங்களுக்குத் தெரியாது. அன்றைக்குக் கேட்டோம், சொன்னா. இங்கே எழுதுவதற்கு அவாவிடம் நாங்கள் கேட்கவில்லை என்பதால் எழுதவில்லை. கொலாட்கருடைய மீராவுக்கும் உண்மையான பெயர் ஒன்று இருந்திருக்கும்.

திரும்பி நடக்கும்போது, கொலாட்கர் சாப்பாட்டுக்கடைக்குள் இருந்துகொண்டு தெருவைப் பார்த்தது சரியா என்று கதை தொடங்கியது. அதே தெருவால் அவாவைக் காணாமலே போன ஆயிரம் பேரை விட அவர் மேல் என்றான் ஒருவன். கன்டீன் சண்டை பிடித்தவன் கேட்டான்: “சரி. ஜன்னலே இல்லாத ஆள் எழுதினா என்ன எழுதுவான்?”

அவன் காட்டியது நாம்தேவ் தசாலை. 1949இல் புனேக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மஹர் சமூகத்தில் பிறந்தவர். சிறுவனாக மும்பைக்கு வந்து, காமாட்டிபுரா பக்கத்தில் கோல்பீட்டா என்ற இடத்தில் வளர்ந்தவர், டாக்ஸி ஓட்டியவர். 1972இல் ‘கோல்பீட்டா’ என்ற பெயரிலேயே முதல் தொகுப்பு வந்தது. அதே வருடம் நண்பர்களோடு தலித் பாந்தர்ஸ் இயக்கத்தைத் தொடங்கினார். நாடகாசிரியர் விஜய் டெண்டுல்கர்தான் புத்தகத்துக்கு முன்னுரை. தெருவின் பேச்சும் தூசணமும் விபச்சார விடுதியும் பசியும் அப்படியே அதில் இருக்கின்றன. எங்களுக்கு மராத்தி தெரியாது. திலீப் சித்ரே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2007இல் வந்த தொகுப்பில் இருந்துதான் வாசித்தோம். அந்த ஆங்கிலமும் எங்களுக்கு அகராதியோடுதான். வாசித்து முடிய, ஒருவரை ஒருவர் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

தசாலை விளங்க வேண்டும் என்றால் தண்ணீரில் இருந்து தொடங்க வேண்டும் என்றான் அவன். 1927 மார்ச் 20இல் மஹாராஷ்டிராவின் மஹாட் ஊரில், அம்பேத்கரும் ஆயிரக்கணக்கானவர்களும் சவுதார் குளத்துக்குப் போய்த் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். அவ்வளவுதான் செய்தது. ஆடு மாடு குடிக்கலாம், அவர்கள் தொடக்கூடாது என்றிருந்த பொதுக் குளம் அது. பிறகு சாதி இந்துக்கள் சடங்கு செய்து குளத்தைச் ‘சுத்தமாக்கினார்கள்’. குளம், ஆறு, கிணறு என்பதெல்லாம் இயற்கை என்று நாங்கள் எழுதிவைத்திருந்த பக்கத்தை அவன் விரலால் தட்டிக் காட்டினான்.

கிணற்றடிக் கதைகள் எங்கள் ஊர்களிலும் இருக்கின்றன. எங்களில் சிலருக்கு அதை யாராவது சொன்னால்தான் தெரியும். அவனுக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. அவன் அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் கதைக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கேட்காமல் விட்டதோடு நிற்கவும் இல்லை. தசாலின் கவிதையை வகுப்பில் சத்தமாக வாசிப்பதா என்று வாக்கெடுத்தோம். மிஸ் இருப்பா, முதல் வரிசையில் ஜூனியர்ஸ் இருப்பார்கள், தூசணம் வரும். வேண்டாம் என்று மூன்று பேர், வேணும் என்று இரண்டு பேர். ஆகவே சிலைட்டில் தசாலின் படமும் பிறந்த திகதியும் பரிசுகளும் வந்தன. கவிதை வரவில்லை. அந்த இரண்டு பேர் ஆர் என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும்.

நாராயண் சுர்வேயைப் பற்றி மட்டும் ஒருவரும் வாக்கெடுக்கச் சொல்லவில்லை. 1926இல் பிறந்து தெருவில் கைவிடப்பட்ட குழந்தை. பருத்தி ஆலைத் தொழிலாளி ஒருவர் எடுத்து வளர்த்தார். ஆலையில் வேலை, பிறகு பள்ளிக்கூடத்தில் பியூன், அதற்குப் பிறகு ஆசிரியர். 1966இல் வந்த அவருடைய தொகுப்பின் பெயர் ‘மாஜே வித்யாபீட்’. ‘என் பல்கலைக்கழகம்’ என்று அர்த்தம். அவர் சொன்ன பல்கலைக்கழகம் மும்பைத் தெரு. 1982இல் சுமார் 2,50,000 ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த நகரம் அது. அந்த ஆலைகள் பலதும் பிறகு இழுத்து மூடப்பட்டு, இன்றைக்கு அந்த நிலங்களில் கடைத்தொகுதிகளும் மாடிக் குடியிருப்புகளும் நிற்கின்றன.

கடைசி இரண்டு பேரைக் கொண்டுவந்தது மலையகத் தோழி. ‘இயற்கை’ அவளுடைய பங்கு என்று நாங்கள்தானே கொடுத்தோம்.

முதலாவது நிர்மலா புதுல். ஜார்க்கண்டின் தும்கா மாவட்டத்துச் சந்தால் பழங்குடிப் பெண். பாஹாமுனி என்ற பெண்ணைப் பார்த்து அவர் எழுதிய கவிதையை இவள் தேடிப் பிடித்திருந்தாள். பாஹாமுனி இலைகளைத் தைத்துச் சாப்பாட்டுத் தட்டுச் செய்கிறாள். அதில் எத்தனையோ பேர் சாப்பிடுகிறார்கள். அவளுடைய வயிறு மட்டும் நிறைவதில்லை. செய்த பொருள் ஊரைத் தாண்டித் தூரத்துக்குப் போகிறது, அவள் போவதில்லை. “இந்தக் காடு இவங்களுக்கு வேல செய்யிற எடம். எங்கம்மாவுக்கு மல மாதிரி,” என்றாள். “நீங்க போட்டோவுல பாக்குற பச்ச, அவங்க கொழுந்து பறிச்சுப் பறிச்சு வெச்சிருக்கிற பச்ச. சும்மா வளர விட்டா தேயில மரமாயிரும்.”

எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. தேயிலை மரமாக வளரும் என்றே தெரியாது.

இரண்டாவது சுகிர்தராணி. மொழிபெயர்ப்பு இல்லாமல், அகராதி இல்லாமல் எங்களால் வாசிக்க முடிந்த ஒருவர். தமிழ்நாட்டின் ராணிப்பேட்டைப் பக்கத்தைச் சேர்ந்த தமிழாசிரியர், தலித் பெண்ணாகத் தன்னை முன்வைத்து எழுதுகிறவர். ‘இயற்கையின் பேரூற்று’ என்ற அவருடைய கவிதையில், தன்னை எந்த விதத்தில் அழித்தாலும் இயற்கையின் ஏதோவொரு உருவில் திரும்பி வருவேன் என்று ஒரு பெண் பேசுகிறாள். ராமானுஜனின் வைகையில் பெயரில்லாமல் போன பெண்ணுக்குக் குரல் வந்தால் இப்படித்தான் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றியது. 2021இல் டெல்லிப் பல்கலைக்கழகம் தன் ஆங்கிலப் பாடத்திட்டத்தில் இருந்து பாமாவின் எழுத்தையும் சுகிர்தராணியின் கவிதைகளையும் மகாஸ்வேதா தேவியின் ‘திரௌபதி’ கதையையும் நீக்கியது. அந்தச் செய்தியை வாசித்து நாங்கள் ஐந்து பேரும் கோபப்பட்டோம். பிறகு எங்கள் சிலைட் ஞாபகம் வந்தது. தசாலை நீக்க எங்களுக்கு ஒரு பல்கலைக்கழக நிர்வாகமும் சொல்லவில்லை.

பிரசன்டேஷன் முடிந்தது. நாங்கள் அந்த இரண்டு பக்கத் தாளை விட்டுவிட்டு, ஒவ்வொரு கவிதையிலும் பார்க்கிறவர் எங்கே நிற்கிறார், வேலை செய்கிறவர் எங்கே நிற்கிறார் என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனோம். ஆற்றங்கரையில் நிற்கிறவருக்கு வெள்ளம் ஒரு விதம், வீடு போனவருக்கு இன்னொரு விதம். சாப்பாட்டுக்கடைக்குள் இருப்பவரும் வண்டிக்குள் நின்று மிதிப்பவரும் ஒரே குப்பையைப் பார்ப்பதில்லை. இயற்கை, நகரம் என்ற இரண்டு சொல்லையும் இந்தக் கேள்விக்குப் பிறகுதான் எங்களால் பாவிக்க முடிந்தது. தலைப்பில் இருந்து விலகிவிட்டோம் என்று கொஞ்சம் புள்ளி வெட்டினார்கள். அதில் எங்களுக்குப் பெரிய கவலை இல்லை. தசாலின் சிலைட் வந்தபோது, அதை வாசிக்க வேண்டியவன் பிறந்த திகதியையும் பரிசுகளையும் மட்டும் வாசித்துவிட்டு இருந்ததுதான் இப்போதும் உறுத்துகிறது. “வரலாற உள்ள விட்டோம். கவிதய வெளியவே நிப்பாட்டிட்டோம்,” என்றாள் மலையகத் தோழி, படியிறங்கும்போது.

இதை வாசிக்கிற நீங்கள் தசாலைத் தேடி வாசியுங்கள். சத்தமாகவே வாசியுங்கள்.

கொன்றை இந்த வருடமும் பூத்துவிட்டது. போன கிழமை காலையில் எங்களில் ஒருத்தி போனை எடுத்துப் படம் எடுத்தாள். பழக்கம். அக்கா விளக்குமாற்றைப் பின்னால் பிடித்துக்கொண்டு, எடுத்து முடியும்வரை ஒதுங்கி நின்றா. படத்துக்குள்ள வரக்கூடாது எண்டு அவாவுக்கு ஆரும் சொல்லேல்ல. அவாவாத்தான் விலகினவா.